திடீரென்று எல்லாம் மாறும்போது: ஒரு தாள், நாலு கோடு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "சாயங்காலம் அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. அஞ்சே நிமிடத்தில் பேசி முடிக்கிற விஷயம் என்னவாக இருக்கும் என்று பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து மூன்றாவது வாரம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். வேலை போனதற்கு நிம்மதியாக உட்கார்ந்து வருத்தப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒரு அட்டவணை போட்டேன். பணத்துக்குப் பச்சை, உடம்புக்கு நீலம், வீட்டுக்கு மஞ்சள், பொழுதுபோக்குக்கு ஆரஞ்சு. காலை 5 மணிக்கு எழுந்து ஓட்டம், அப்புறம் கணக்கு வழக்கு, அப்புறம் வேலை தேடுவது, மாலையில் குடும்பம், இரவில் கடிகாரம் (பழைய சுவர்க் கடிகாரங்களைப் பிரித்து மாட்டுவது என் பைத்தியம்), எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு மணி நேரம், துளி பாரபட்சம் கிடையாது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒன்பதாவது நாள் காலை எட்டரை மணிக்குக் கண் விழித்தேன். அதற்குள் மூன்று பச்சைக் கட்டங்களும் ஐந்து நீலக் கட்டங்களும் காலி. அந்தக் கோப்பைத் திறக்கவே பயமாகிவிட்டது, பிறகு திறக்கவே இல்லை.

மாற்றம் வந்து விழுகிற நேரத்தில் பணம், உடம்பு, பொழுதுபோக்கு, வீடு நாலையும் சமமாகத் தூக்கிப் பிடிக்க யாராலும் முடியாது என்பதுதான் என் கட்சி. அப்போது செய்யக்கூடியது, ஒவ்வொன்றிலும் "இதற்குக் கீழே விடமாட்டேன்" என்று ஒரு கோடு போடுவது. கோட்டுக்கு மேலே எவ்வளவு போனாலும் லாபம், போகாவிட்டாலும் குற்றமில்லை. கோட்டை எங்கே போடுவது, எப்போது உயர்த்துவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னென்ன நகர்ந்திருக்கிறது என்று எண்ணுங்கள்

1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வரக்கூடிய 43 மாற்றங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73, வேலை பறிபோவதற்கு 47. கல்யாணத்துக்கு எவ்வளவு தெரியுமா? 50! வேலை போவதைவிட மூன்று அதிகம். சந்தோஷமான மாற்றமும் உடம்புக்கும் மனசுக்கும் சுமைதான் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்திருக்கிறது, பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது என்றாலும் இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான்.

என் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். வேலை போனது 47, வீட்டில் ஒருவர் உடல்நிலை மாறியது 44, பண நிலைமை மாறியது 38, வீட்டுச் சூழல் மாறியது 25, தூக்க நேரம் மாறியது 16. மொத்தம் 170. அவர்கள் கணக்கில் 150-ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 300-ஐத் தாண்டினால் ரொம்பவே தேவை. இதை ஜோசியம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். 170 வந்த எல்லோரும் படுத்த படுக்கையாவதில்லை. எனக்கு இது வேறு ஒரு விதத்தில் உதவியது. "எப்படியும் வீட்டில்தானே இருக்கிறேன், வாடகை குறைவான வீட்டுக்கு இப்பவே மாறிடலாம், காபியையும் இன்னையோட விட்டுடலாம், அப்படியே ஒரு படிப்பிலும் சேர்ந்துடலாம்" என்று நான் யோசித்துக்கொண்டிருந்த மூன்றும் என் கையால் நானே கூட்டிக்கொள்ளப்போகிற மதிப்பெண்கள் என்று புரிந்தது. மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்து ஒரு தேதியும் போட்டு ஒதுக்கி வைத்தேன். தானாக வந்த மாற்றத்தோடு நாமாகக் கொண்டுவருகிற மாற்றத்தையும் சேர்க்காதீர்கள். புத்தாண்டு சபதம் எடுக்கிற சமயமல்ல இது.

தாளும் நாலு கோடும்

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து நாலாக மடியுங்கள். செயலி வேண்டாம், என்னை நம்புங்கள், செயலியில் போட்டால் நிறம் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். நாலு கட்டத்திலும் பணம், உடம்பு, பொழுதுபோக்கு, வீடு என்று எழுதி, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் மூன்று வரி. எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை உண்டு: காய்ச்சலோடு கிடக்கிற நாளிலும் இதை ஒப்பேற்ற முடியுமா? முடியாது என்றால் கோடு உயரத்தில் இருக்கிறது, கீழே இறக்குங்கள்.

என் தாளில் இருந்தது இதுதான். பணம்: சனிக்கிழமை காலை கையிருப்பை எழுதுவது, எந்தக் கட்டணமும் எனக்குத் தெரியாமல் தவறக்கூடாது. உடம்பு: பத்தரைக்குப் படுக்கை, மாத்திரை, பதினைந்து நிமிட நடை. பொழுதுபோக்கு: வாரத்தில் மூன்று தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிடம். வீடு: ஒரு வேளைச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக, போன் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடப் பேச்சு. பார்த்தால் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். இதையே முதல் இரண்டு வாரம் தட்டுத்தடுமாறித்தான் செய்தேன். நடையை நிஜமாகவே காய்ச்சல் வந்த ஒருநாள் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் முடித்தேன்.

பணம்: எத்தனை மாதம் தாங்கும்?

நாலில் முதலில் உட்கார வேண்டியது இதில்தான். பணம் மற்ற மூன்றையும்விட உசத்தி என்பதால் சொல்லவில்லை. தேதி இருப்பது இதற்கு மட்டும்தான். உடற்பயிற்சி செய்யாவிட்டால் யாரும் அபராதம் போடுவதில்லை, தவணை தவறினால் போடுவார்கள்.

முதல் வேலை, கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்துத் தானாகப் பிடிக்கப்படுகிற தொகைகள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுவது. எனக்குப் பதினொன்று தேறியது. அதில் ஒன்று, இரண்டு வருஷத்துக்கு முன் "முதல் மாதம் இலவசம்" என்று சேர்ந்துவிட்டு மறந்துபோன ஒரு சந்தா. இன்னொன்று, நான் போவதையே நிறுத்திவிட்ட ஜிம். இவற்றை அன்றைக்கே நிறுத்தியாயிற்று. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் பிரீமியமும் அதே பட்டியலில்தான் இருக்கும், அதை நிறுத்தினால் பாலிசி காலாவதியாகிவிடும். மறுபடி எடுக்கப் போனால் வயதும் கூடியிருக்கும், புதிதாக உடல் பரிசோதனையும் கேட்கலாம்.

அடுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு. ஒரு வாரத்துக்குள் கையில் எடுக்க முடிகிற பணம் எவ்வளவு? அதை ஒரு மாதச் செலவால் வகுங்கள். இதில் பெரும்பாலும் எல்லோரும் செய்கிற தவறு, பழைய செலவால் வகுத்துவிட்டுப் பீதியடைவது. உதாரணத்துக்கு, வழக்கமான மாதச் செலவை 100 பங்கு என்று வையுங்கள், சேமிப்பு 310 பங்கு. வகுத்தால் மூன்று மாதம் சொச்சம். இப்போது வீடு, சாப்பாடு, மின்சாரம், மருந்து, பிரீமியம், தவணை, போக்குவரத்து மட்டும் என்று கறாராகக் கூட்டினால் செலவு 62-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 310 இப்போது ஐந்து மாதம் வரும். பணம் ஒரு காசு கூடவில்லை, இரண்டு மாதம் கிடைத்துவிட்டது. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான அவசரகால நிதி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது இல்லாதவர்களும் இந்த வகுத்தலைப் போட்டே ஆக வேண்டும், ஒன்றரை மாதம் என்று வந்தாலும் சரி. எனக்கு இருட்டில் கிடந்து "என்ன ஆகுமோ" என்று புரள்வதைவிட "அடுத்த மாதம் 15-ஆம் தேதி வரை" என்று தெரிந்திருப்பது மேலாக இருந்தது.

அந்தத் தேதி தெரிந்ததும் நடுவில் ஒரு கோடு போடுங்கள். கையிருப்பு பாதியாகும்போது என்ன செய்வேன் என்று இப்போதே, வயிறு நிறைந்திருக்கிற நேரத்திலேயே எழுதிவிடுங்கள். எதை விற்பேன், யாரிடம் கேட்பேன், எந்தச் சுமாரான வேலையையும் ஒத்துக்கொள்வேன் என்றெல்லாம். ஏன் இப்போதே என்றால், பணத்தட்டுப்பாடு மூளையையும் கடிக்கும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன் கையில் காசில்லாதபோதும், அறுவடை முடிந்து காசு வந்தபிறகும் ஒரேமாதிரியான சிந்தனைத் தேர்வுகளை வைத்துப் பார்த்தார்கள். அதே ஆட்கள்தான், அறுவடைக்கு முன் கொஞ்சம் மட்டமாகச் செய்தார்கள். அவர்கள் புத்தி எங்கும் போய்விடவில்லை, கடன் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. நமக்கும் அதுதான் நடக்கும். அதனால் பெரிய முடிவுகளைத் தூங்கி எழுந்த காலையில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு எடுப்பது நல்லது.

கடன் விஷயத்தில் மூன்று சொல்ல வேண்டும். ஒன்று, தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கால அவகாசமோ தவணைக் குறைப்போ முன்கூட்டியே கேட்பவருக்குக் கிடைக்கிற வாய்ப்பு, இரண்டு மாதம் போனை எடுக்காமல் இருந்தவருக்குக் கிடைக்காது. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தள்ளிவைத்த மாதங்களுக்கு வட்டி ஓடுமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் ஓடும். இரண்டாவது, கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று கண்ணில் படும்படி பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது கட்டினால் போதும் என்று ஆரம்பித்தால் அசல் கரையவே கரையாது. மாதம் 3 சதவீத வட்டி என்றால், ஒன்றுமே கட்டாமல் விட்ட கடன் 24 மாதத்தில் இரண்டு மடங்காகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலைமை சற்று நிலைத்ததும் வட்டி அதிகமான கடனை முதலில் அடியுங்கள். சின்னக் கடன்களை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்கிற கட்சியும் உண்டு. உங்களுக்கு அதுதான் ஒத்துவரும் என்றால் அப்படியே செய்யுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். மூன்றாவது, வேலையிலிருந்து போகும்போது மொத்தமாகக் கொஞ்சம் பணம் வந்தால் அதை அப்படியே கொண்டுபோய் வீட்டுக் கடனில் கட்டாதீர்கள். கட்டியது திரும்பி வராது. வருமானம் நிலைக்கும் வரை கையில் இருக்கிற காசுக்கு நிகர் எதுவும் இல்லை. எனக்கு அந்த ஆசை வந்தது, மனைவிதான் தடுத்தாள்.

சொந்தத்தில் கடன் வாங்கினால் தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். "நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்" என்பார்கள். பரவாயில்லை, அனுப்புங்கள்.

உடம்பு: தூக்கத்தில் ஆரம்பியுங்கள்

ஓட்டம், யோகா, டயட் எல்லாம் பிறகு. வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு, கவலையில் இருக்கும்போது முதலில் களவு போவதும் அதுதான். எனக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் மூளையில் அலுவலகம் திறக்கும். பிரீமியம் கட்டினோமா, அப்பாவுக்கு அடுத்த எக்ஸ்ரே எப்போ, அந்த ஆளுக்குப் பதில் போட்டோமா என்று வரிசையாக வந்து நிற்கும்.

இதற்கு எனக்கு வேலை செய்த ஒரே மருந்து ஐந்து நிமிடம் எழுதுவது. 2018-ல் மைக்கேல் ஸ்கலின் என்ற ஆராய்ச்சியாளர் தூக்க ஆய்வகத்தில் இதைச் சோதித்தார். ஒரு குழுவினர் படுக்கும் முன் ஐந்து நிமிடம், அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். இன்னொரு குழுவினர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன், பாக்கி வேலையைப் பட்டியல் போட்டால் கலவரம் கூடும் என்று. கூடவில்லை, தாளில் இறக்கியதும் மண்டை விட்டுவிடுகிறது. "அப்பா விஷயம்" என்று மொட்டையாக எழுதினால் பலிக்காது. "வியாழன் காலை 9-க்கு மருத்துவமனைக்குப் போன், எக்ஸ்ரே தேதி கேட்க வேண்டும்" என்று எழுத வேண்டும்.

காபி, டீ குடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: காஃபின் பாதி கரைய ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். சாயங்காலம் 5 மணிக்குக் குடித்தது ராத்திரி 10-க்கும் பாதி உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும்.

நடை விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. 150 என்றால் நாளுக்கு 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020-ல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், நாலு நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். போன் பேசும்போதெல்லாம் நடப்பது என்று வைத்துக்கொண்டேன். வேலை தேடுகிறவனுக்குப் போனுக்கா பஞ்சம்?

அப்புறம், தொடர்ந்து சாப்பிடுகிற மாத்திரைகளைச் செலவைக் குறைக்கிறேன் என்று நாமாக நிறுத்தக்கூடாது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதை மருத்துவரிடமே வாய்விட்டுச் சொல்லிவிடலாம், அதே மருந்தை மலிவாக வேறு பெயரில் எழுதித்தர முடியுமா என்று பார்ப்பார். வேலையோடு ஒட்டிய மருத்துவக் காப்பீடு என்றால் அது எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேட்டு, பல், கண், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பரிசோதனை எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிடுங்கள். எனக்கு இது தெரிந்தபோது நாலு நாள் தாண்டியிருந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ சாப்பாடோ தாறுமாறாகி, பிடித்த விஷயங்கள்கூடச் சப்பென்று ஆகிவிட்டால் அது வெறும் கவலை என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற மாதிரி நினைப்பு ஒருதடவை வந்தாலும், அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவ உதவிக்குப் போங்கள், மறுநாள் வரை வைத்திருக்க வேண்டாம்.

பொழுதுபோக்கு: செலவை வெட்டுங்கள், கையை வெட்டாதீர்கள்

கஷ்டம் வந்தால் எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான். "இப்ப இருக்கிற நிலைமைக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்" என்று நமக்கே தோன்றும், தோன்றாவிட்டால் சொல்ல ஆள் இருப்பார்கள். நானும் கடிகாரச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். ஒரு மாதம் கழித்து, அப்பாவைப் பார்க்க வந்த ஒரு நண்பர், "உன் கை ஏன்டா சும்மா நடுங்கிட்டே இருக்கு?" என்று கேட்டார். நடுங்கவெல்லாம் இல்லை. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

அன்று ராத்திரி பெட்டியை இறக்கினேன். பெண்டுலம் கடிகாரம் ஒன்று பாக்கி இருந்தது, நாளுக்கு ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிற கழுதை. பெண்டுலத்தின் அடியில் ஒரு சின்ன மரை இருக்கும். அதைக் கீழ்ப்பக்கம் திருகினால் குண்டு இறங்கும், ஊசல் நீளும், கடிகாரம் மெதுவாகும். ஒரு திருகு, பிறகு இருபத்துநாலு மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும், நாலு நிமிடம் முந்துகிறதா, மூன்றா என்று. ஆக ஒருநாளைக்கு ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் கையில் இருந்தது முழுக்க முழுக்க என் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு விஷயம். அந்த மாதத்தில் அப்படி வேறு எதுவுமே கிடையாது.

அதனால் கோட்டை இப்படிப் போடுங்கள்: புதிதாக வாங்குவது நிறுத்தம், இருப்பதை வைத்து வாரத்தில் மூன்று தடவையாவது கை வைப்பது. படம் வரைபவருக்குப் பென்சிலும் பழைய தாளின் பின்பக்கமும் போதும். செலவு பிடிக்கிற பொழுதுபோக்கு என்றால் அதிலேயே செலவில்லாத ஒரு மூலை இருக்கும், புகைப்படக்காரர் பழைய படங்களை ஒழுங்குபடுத்தலாம், பயணம் போகிறவர் போன பயணத்தை எழுதிவைக்கலாம். சேர்ந்து பாடுவது, சேர்ந்து விளையாடுவது என்றிருந்தால் அதை மட்டும் விடவே விடாதீர்கள், அதோடு நாலு மனிதர்களும் போய்விடுவார்கள். கருவிகளை முதல் மூன்று மாதத்தில் விற்காதீர்கள், அவசரத்தில் விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

"இதையே தொழிலாக்கிடலாமே" என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். பிற்பாடு யோசிக்கலாம். காசு எதிர்பார்க்கிற நிமிடத்திலிருந்து அது இன்னொரு வேலை, அப்புறம் ஓய்வுக்கு வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும்.

வீடு: சொல்லுங்கள், பிரியுங்கள்

வேலை போனதை மகளிடம் இரண்டு வாரம் மறைத்தேன். எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. ஒருநாள் அவளே, "அப்பா, நாம வீட்டை விட்டுப் போகப் போறோமா?" என்று கேட்டாள். நானும் மனைவியும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசியதில் "வாடகை" என்ற ஒரு வார்த்தை மட்டும் அவள் காதில் விழுந்து, மீதிக் கதையை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள், நிஜத்தைவிடப் பயங்கரமாக. உட்காரவைத்துச் சொன்னேன்: அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, வேற வேலை தேடுறேன், வீடும் பள்ளிக்கூடமும் மாறாது, வெளியே போறது மட்டும் கொஞ்ச நாள் குறையும். "அப்ப நீங்க வீட்லயே இருப்பீங்களா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குழந்தைகளிடம் என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்ற இரண்டும் போதும். தொகை தேவையில்லை. நிச்சயமாகத் தெரியாததை "மாறாது" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

பெரியவர்களுக்கு நடுவில் எண்களே தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், படுக்கப்போகும் முன் வேண்டவே வேண்டாம். கையிருப்பு எவ்வளவு, வருகிற வாரம் என்னென்ன தேதி, யாருக்கு எது முடியவில்லை. இந்த மூன்றாவது கேள்வியைத்தான் நாங்கள் முதலில் விட்டுவிட்டோம்.

விட்டதன் விளைவு: நான் வீட்டில் சும்மா இருக்கிறேன், எனவே எல்லாம் என் வேலை என்று ஒரு நினைப்பு எப்படியோ வந்துவிட்டது. நான் பாத்திரம், துணி, அப்பா எல்லாம் பார்த்துக்கொண்டு மனதுக்குள் பொருமினேன். அவளோ அலுவலகத்தில் இருந்துகொண்டே மாத்திரை தீரும் நாள், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ் எல்லாவற்றையும் மண்டையில் சுமந்து பொருமினாள். வேலைகளைத் தாளில் போட்டபோதுதான் தெரிந்தது, செய்கிற வேலை ஒன்று, ஞாபகம் வைத்திருக்கிற வேலை இன்னொன்று. பிரிக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பிரியுங்கள். மாத்திரை என்றால் வாங்குவது, கொடுப்பது, தீர்வதற்கு முன் கவனிப்பது மூன்றும் ஒரே ஆளிடம். அப்பாவை ராத்திரி எழுப்பிக் கூட்டிப்போவதைத் தம்பியோடு பங்கிட்டுக்கொண்டேன், வாரத்தில் இரண்டு இரவு அவன். கேட்டபோதுதான், "நீ கேக்கவே மாட்டியான்னு பார்த்துட்டிருந்தேன்" என்றான்.

விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "பார்த்துட்டு இருக்கோம், ஏதாவது தேவைன்னா கண்டிப்பா கேக்குறேன்." அதற்குமேல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அறிவுரை கிடைக்கும்.

கோட்டை எப்போது உயர்த்துவது?

ஆறு வாரம் கழித்துத் தாளை எடுத்துப் பாருங்கள். நாலில் எது அதிக மெனக்கெடாமல் கோட்டுக்கு மேலே இருக்கிறதோ, அதை மட்டும் ஒரு படி உயர்த்துங்கள், பதினைந்து நிமிட நடையை இருபத்தைந்து என்பதுபோல. மற்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும். 2009-ல் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒருநாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த ஒன்பதாவது நாளில் எழுந்து பத்தாவது நாளைத் தொடர்ந்திருப்பேனோ என்னவோ. அந்த அட்டவணை அதற்கும் லாயக்கில்லை என்றுதான் நினைக்கிறேன்.

புதிதாக இன்னொரு மாற்றம் வந்து விழுந்தால் உயர்த்திய கோடுகளை எல்லாம் பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு நாலாவது மாதம் வேலை கிடைத்தபோது அதுவும் ஒரு மாற்றம் என்று மறந்துபோய், முதல் சம்பளம் வருவதற்கு முன்பே பழைய செலவுகளை ஆரம்பித்துவிட்டேன். முதல் மூன்று சம்பளம் வரும் வரை அந்த 62 பங்கிலேயே ஓட்டியிருக்க வேண்டும். நீங்கள் ஓட்டுங்கள். மிச்சமாவதை அவசரகால நிதியில் போடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே செய்யலாம், மாற்றம் எதுவும் வராதவர்களும் செய்யலாம். ஒரு உறையில் பாலிசி எண்கள், வங்கிக் கணக்கு விவரம், தவணைத் தேதிகள், வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற பட்டியல், மருத்துவர் எண் எல்லாவற்றையும் போட்டு, அது இருக்கிற இடத்தை இன்னொருவரிடம் சொல்லி வையுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுத வேண்டாம். எங்கள் வீட்டில் அது அலமாரியின் இரண்டாவது தட்டில், துணிக்கு அடியில் இருக்கிறது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற சாவியையும் அதிலேயே போட்டு வைத்திருக்கிறாள் மனைவி, ஏனென்றால் அந்த அமளியில் அது ஒருதடவை தொலைந்து, ஒரு வாரம் நாங்கள் அப்பாவின் கட்டிலுக்கடியில் எல்லாம் தேடியிருக்கிறோம்.